நீலகிரியில் கல்லறைகள் இருக்கின்றன, ஊர் எங்கே?

கேட்டவர் எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன். நீலகிரி மலையின் மேல் பழங்காலக் கல்லறைகளான கல்வட்டங்களும் கற்குவைகளும் ஏராளமாக இருக்கின்றன. ஆனால் அவற்றைக் கட்டியவர்கள் வாழ்ந்த ஊர் என்று கைகாட்ட ஓர் இடம் இல்லை. அப்படியானால் சமவெளி மக்கள் மேலே வந்து, இறந்தவர்களைப் புதைத்துவிட்டுத் திரும்பிப் போயிருப்பார்களா, அந்தக் குளிரில் யார் குடியிருந்திருக்கப் போகிறார்கள் என்று அவருடைய நண்பர் வாதிடுகிறாராம். கூடவே, கோத்தகிரிப் பக்கம் தன் தாய்மாமாவின் தேயிலைத் தோட்டத்தில் வட்டமாகக் கல் கிடப்பதாகவும், மழைக்குப் பிறகு பானை ஓடுகள் தெரிவதாகவும், அதை என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறார்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் பல ஆண்டுகளாக மேற்பரப்பாய்வு செய்து வருபவன் என்ற முறையில் இதற்குப் பதில் சொல்கிறேன். பார்க்கப்போனால் இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று, அந்த உயரத்தில் மக்கள் நிலையாக வாழ்ந்தார்களா. மற்றது, வாழ்ந்திருந்தால் ஏன் நம் கண்ணில் படவில்லை. முதல் கேள்விக்கு 'வாழ்ந்தார்கள்' என்றே சொல்வேன், ஓரளவு உறுதியோடு. இரண்டாவது கேள்விக்கான விடையில் பாதி அந்த மக்களைப் பற்றியது, மீதி நாம் தேடிய விதத்தைப் பற்றியது. அதனால் அங்கேதான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

குளிர் என்ற வாதத்தை முதலில் முடித்துவிடலாம். எத்தியோப்பியாவின் பேல் மலைகளில் ஃபிஞ்சா ஹபேரா என்றொரு பாறை ஒதுங்கிடம் இருக்கிறது. உயரம் கிட்டத்தட்ட 3,470 மீட்டர். அங்கே 47,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்தே, பனியாறுகள் பக்கத்திலேயே இருந்த காலத்தில், மக்கள் திரும்பத் திரும்ப வந்து தங்கி, பெரிய வளை எலிகளைச் சுட்டுத் தின்றிருக்கிறார்கள் என்று 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. நியூ கினியின் இவானே பள்ளத்தாக்கில், 2,000 மீட்டர் உயரத்தில், மனிதர் நடமாட்டம் 44,000 ஆண்டுகளுக்குக் குறையாது. நம் தொட்டபெட்டாவின் உச்சியே 2,637 மீட்டர்தான். உறைபனி விழும் இரவுகள் இருந்தாலும் புல், நீர், விறகு எல்லாம் கிடைக்கும் மலை இது. குளிர் யாரையும் தடுத்திருக்காது.

சரி, கல்லறைகளுக்கு வருவோம். நீலகிரியின் தொல்பொருள் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி 19ஆம் நூற்றாண்டு வெள்ளைக்கார அதிகாரிகளின் வேலை. 1847இல் கேப்டன் கான்கிரீவ் இந்தச் சின்னங்களைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். நீலகிரியில் எருமை மேய்த்து வாழும் பழங்குடியினரான தோதவர்களே (தோடர்கள்) இவற்றைக் கட்டினார்கள், அவர்களோ மத்திய ஆசியச் சித்தியர்களின் வழிவந்தவர்கள் என்பது அவருடைய முடிவு. அந்தக் காலத்தில் உலகத்தில் எந்தக் கல்லைப் பார்த்தாலும் சித்தியர்களைக் கூப்பிடுவது வழக்கம், அதை விட்டுவிடலாம். அவருக்குப் பிறகு நீலகிரியின் முதல் கமிஷனராக இருந்த ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் பல இடங்களில் தோண்டினார். 1872இல் அவர் இறந்துபோக, நூல் 1873இல் வெளிவந்தது. அவர் சேகரித்த பொருட்களில் கணிசமானவை இன்றும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நீலகிரிப் பொருட்களில் ஒரு பகுதி லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் உண்டு.

எழும்பூருக்குப் போனால் அந்தப் பானைகளைத் தவறாமல் பாருங்கள். அடுக்கடுக்காக உயர்ந்த உருளை வடிவம், ஒவ்வோர் அடுக்கிலும் கீறல் கோடுகள், மேலே ஒரு மூடி. அந்த மூடியின் உச்சியில் எருமை, குதிரை, குதிரைமேல் ஆள், மனித உருவங்கள் என்று களிமண்ணில் செய்து ஒட்டியிருப்பார்கள். எருமையின் கொம்பு பின்னால் வளைந்து போகும் விதத்தைப் பார்த்தாலே, செய்தவர் எருமையோடு பழகியவர் என்று தெரியும். கை வேலை முரடு, ஆனால் கவனிப்பு கூர்மை. இவற்றோடு வெண்கலக் கிண்ணங்கள், இரும்பு ஈட்டி முனைகள், அரிவாள்கள், கொஞ்சம் தங்க நகைகள், மணிகள், எரிந்த எலும்புத் துண்டுகள், கரி எல்லாம் கிடைத்தன.

நண்பரின் 'மேலே வந்து புதைத்துவிட்டுப் போனார்கள்' வாதம் இந்தப் பானைகளிடம்தான் தோற்கிறது. கொங்கு நாட்டிலும் மதுரைப் பக்கத்திலும் இரும்புக் காலக் கல்லறையைத் திறந்தால் கருப்பு சிவப்புப் பானைகள், நான்கு கால் சாடிகள், வளையப் பிரிமனைகள் என்று ஒரு குடும்பச் சாயல் இருக்கும். நீலகிரிப் பானைகள் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. சமவெளியிலிருந்து பிணத்தோடு ஏறி வந்தவர்கள் சமவெளிப் பானையைத்தான் கொண்டுவந்திருப்பார்கள். மலைக்கென்று தனிப் பாணி உருவாகி, அது ஒரு மரபாகவே நிலைக்க வேண்டுமானால், மலையிலேயே தலைமுறைகளாக வாழ்ந்த மக்கள் தேவை. இதை நான் உறுதியான முடிவாகவே எடுத்துக்கொள்கிறேன்.

அதே நேரத்தில் வெண்கலக் கிண்ணங்களும் மணிகளும் மலையில் செய்தவையாக இருக்க வாய்ப்பு குறைவு. வெளியிலிருந்து வாங்கியிருக்கிறார்கள். பதிலுக்கு மலை என்ன கொடுத்தது என்பதில் ஊகம்தான்: தேன், நெய், தோல், மரம். கூடலூர், தேவாலா பக்கத்தில் தங்கம் உண்டு. 1880 வாக்கில் அங்கே வெள்ளைக்காரக் கம்பெனிகள் பணத்தைக் கொட்டித் தோற்ற கதை ஊரறிந்தது. கல்லறைத் தங்கம் அந்த மண்ணிலிருந்து வந்ததா என்று கேட்டால், வந்திருக்கலாம் என்பதற்கு மேல் சொல்ல ஆதாரம் இல்லை.

காலம் எது? இங்கே உறுதி குறைகிறது. பிரீக்ஸ் காலத்தில் வட்டத்தின் நடுவில் குழி வெட்டிப் பொருளை எடுப்பதுதான் அகழாய்வு. எந்தப் பானை எந்த ஆழத்தில், எதன் மேல் இருந்தது என்ற பதிவு பெரும்பாலும் இல்லை. ஒரே வட்டத்தைப் பல தலைமுறைகள் பயன்படுத்தியிருந்தால் 500 ஆண்டு இடைவெளியுள்ள பொருட்கள்கூட ஒரே குவியலாகி அருங்காட்சியகத்துக்கு வந்திருக்கும். இரும்பு இருப்பதை வைத்துக் காலம் சொல்லலாம் என்றால், தமிழ்நாட்டில் இரும்பின் தொடக்கமே பின்னால் நகர்ந்துகொண்டிருக்கிறது. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளை அகழாய்வின் காலக்கணிப்புகளை வைத்து பொ.ஆ.மு. 3345 வரை போகும் என்று 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்ததும், அதன்மேல் நடக்கும் விவாதமும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பொ.ஆ.மு. முதல் ஆயிரத்தின் பிற்பகுதியிலிருந்து பொ.ஆ. முதல் சில நூற்றாண்டுகள் வரை என்று நீலகிரிப் பொருட்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காலம் நியாயமான மதிப்பீடு. அதற்கு முன்னும் பின்னும் போக இடம் இருக்கிறது.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிட வேண்டும். நீலகிரியில் கிடக்கும் எல்லாக் கல் அமைப்புகளும் ஒரே காலத்தவை இல்லை. பலகைக் கற்களை நிறுத்தி மேலே மூடுகல் வைத்த கல்திட்டைகளில் சிற்பம் செதுக்கியவை, வீரர் உருவம் உள்ளவை, பெரும்பாலும் இடைக்காலத்தவை. இன்னொரு நீலகிரிப் பழங்குடியினரான குறும்பர்கள் பழைய கல்திட்டைகளுக்குள் இறந்தவர்களுக்காக ஆற்றுக் கூழாங்கல் வைக்கும் வழக்கத்தை 19ஆம் நூற்றாண்டு எழுத்தாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தோதவர்கள் இரண்டாம் சடங்குக்குப் பிறகு சாம்பலைக் கல்வட்டத்துக்குள் புதைத்தார்கள். வட்டமாகக் கல் இருக்கிறது என்பதால் மட்டும் 2,000 ஆண்டுப் பழமை வந்துவிடாது.

அப்புறம், ஏன் ஊர் கிடைக்கவில்லை? கல்லறையைக் கட்டியவர்கள் அதை மலை முகட்டில், புல்வெளியில், தூரத்திலிருந்து தெரியும்படி கல்லில் கட்டினார்கள். வீட்டை மூங்கில், பிரம்பு, புல்லில் கட்டியிருப்பார்கள். நாம் சுடுகாட்டை மட்டும் பார்த்துவிட்டு ஊரைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறோம். 19ஆம் நூற்றாண்டில் யாரும் ஊரைத் தேடவே இல்லை. தங்கமும் வெண்கலமும் கல்லறையில்தான் இருந்தன. பிறகு தேடலாம் என்று நினைக்கும்போது நிலமே மாறிவிட்டது.

மேற்பரப்பாய்வு என்றால் என்ன என்பதைச் சொன்னால் இது புரியும். சமவெளியில் உழுத வயலில் ஆட்கள் வரிசையாக நின்று, பத்துப் பதினைந்து மீட்டர் இடைவெளி விட்டு, தரையைப் பார்த்தபடி நடப்போம். ஏர் ஓட்டிய மண் ஒவ்வோர் ஆண்டும் அடியில் இருப்பதை மேலே கொண்டுவரும். பானை ஓடு அடர்த்தியாகக் கிடந்தால் அங்கே வாழ்விடம். மலையில் இந்த முறை பாதி செயலிழந்துவிடும். புல்வெளியில் தரையே கண்ணுக்குத் தெரியாது. சோலைக்காட்டில் அழுகிய இலை கணுக்கால் ஆழம். சீகை மரமும் கற்பூர மரமும் நட்ட சரிவுகளில் உதிர்ந்த இலையும் பட்டையும் மெத்தை போட்டிருக்கும். மிச்சம் இருப்பது தேயிலை. வரிசைகளுக்கு இடையே குனிந்து போனால் ஒரு முழ அகலம் மண் தெரியும், அதுவும் கவாத்து வெட்டிய ஆண்டில் மட்டும்.

இதைத் தாண்டிச் சரிவு இருக்கிறது. பருவமழை மண்ணைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்கும். 2,000 ஆண்டுக்கு முந்தைய வீட்டுத் தரை, வீடு இருந்த இடத்தில் அரித்துப் போயிருக்கும். அடிவாரத்தில் ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் மண்ணுக்கு அடியில் புதைந்திருக்கும். இரண்டு இடத்திலும் மேலே நடப்பவருக்கு எதுவும் தெரியாது. மண் அமிலத்தன்மை உள்ளது, அதனால் சுடாத எலும்பு கரைந்துவிடும். குறைந்த சூட்டில் சுட்ட பானை, ஈரத்திலும் வேரிலும் நொறுங்கிச் செம்மண்ணோடு செம்மண்ணாகிவிடும். கையில் எடுத்தால் மண்கட்டியா ஓடா என்றே சந்தேகம் வரும். நான் செய்வது, உடைந்த ஓரத்தைத் தண்ணீரில் நனைத்துப் பார்ப்பது. ஓடாக இருந்தால் உள்ளே கருத்த அல்லது சாம்பல் நிற நடுப்பகுதியும், கலந்த மணல் துகள்களும் தெரியும்; மண்கட்டி விரலிலேயே கரைந்துவிடும். ஓட்டு வீட்டுத் துண்டுகளும் எஸ்டேட் லைன் வீடுகளின் பூந்தொட்டித் துண்டுகளும் எங்களைப் படுத்தும் பாடு தனிக்கதை. கல் கருவிகளில் அதைவிடக் கஷ்டம். மலையில் கிடைக்கும் வெள்ளைக் குவார்ட்சு தானாகவே கூர்மையாக உடையும். ஒரு சில்லை மட்டும் வைத்து 'மனிதன் செய்தது' என்று சொல்பவரை நம்பாதீர்கள். ஒரே இடத்தில் மூலக்கல்லும் அதிலிருந்து உடைத்த சில்லுகளும் சேர்ந்து கிடைத்தால்தான் பேச்சு.

ஆகவே மலையில் நல்ல ஆய்வு வேண்டுமானால், வரிசையாக நடந்து தேடுவதைக் குறைத்துக்கொண்டு, ஏற்கனவே வெட்டுப்பட்ட இடங்களைப் பார்க்க வேண்டும்: புதிதாகப் போட்ட சாலையின் வெட்டுமுகம், ஓடைக் கரை, வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டிய குழி, தேயிலைத் தோட்டத்து வடிகால் குழி. அதோடு குறிப்பிட்ட இடைவெளியில் சிறு சோதனைக் குழிகள் போட்டு மண்ணைச் சல்லடையில் சலிக்க வேண்டும். மெதுவான, அலுப்பான வேலை. ஒரு நாளெல்லாம் சலித்து ஒரு கரித்துண்டோடு திரும்புவது சகஜம்.

வாழ்ந்தவர்கள் மேய்ச்சல்காரர்களாக இருந்தால் இந்த வேலை இன்னும் கடினம். தோதவர்களின் குடியிருப்பான மந்து ஒன்றை நினைத்துப் பாருங்கள். சில குடிசைகள், ஒரு பால் கோயில், கல்சுவர் வைத்த எருமைத் தொழுவம். பானை அவர்கள் செய்ததில்லை, மலையின் கைவினைப் பழங்குடியினரான கோத்தர்களிடம் வாங்கினார்கள். அதை விட்டு அவர்கள் போய் 300 ஆண்டு ஆனால், மிஞ்சுவது ஒரு வட்டச் சுவரின் அடிவரிசையும், சுற்றிலும் இல்லாத அடர்த்தியில் வளரும் புல்லும்தான். இன்றைய தோதவர் வாழ்க்கையை அப்படியே பழங்காலத்தில் ஒட்ட வைக்கக் கூடாது. ஆனால் தடயம் எவ்வளவு மெல்லியதாக இருக்கும் என்பதற்கு இது நல்ல அளவுகோல். கென்யாவின் தென்மேற்கு மேட்டுநிலத்தில் இதையே வழியாக்கினார்கள். 3,700 முதல் 1,550 ஆண்டுகளுக்கு முந்தைய மேய்ச்சல்காரர்களின் தொழுவங்களில் சேர்ந்த சாணம் மண்ணைச் செழிப்பாக்கி, அந்த இடங்கள் இன்றும் தனிப் புல்திட்டுகளாகத் தெரிகின்றன என்று 2018இல் ஓர் ஆய்வு காட்டியது. மண்ணில் பாஸ்பரஸ், கால்சியம், நைட்ரஜனின் கனமான ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் எடை மாறிய அணு) எல்லாம் தூக்கலாக இருந்தன. பானைமூடிகளில் எருமையைச் செய்து வைத்த மக்களின் ஊரைத் தேட இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தோன்றவில்லை.

இன்னொரு வழி சதுப்பு. ஊட்டிக்கும் பைக்காராவுக்கும் இடையில் சாண்டிநல்லாவில், பாதி மக்கிய செடிகள் சேர்ந்து உண்டான கரிய கரிமண் படிவு உண்டு. சூழலியலாளர் சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் 1993இல் அதன் கார்பன் ஐசோடோப்புகளை வைத்து 20,000 ஆண்டுத் தட்பவெப்ப வரலாற்றை எழுதினார்கள். வறண்ட காலம், ஈரக் காலம், பிறகு 6,000 முதல் 3,500 ஆண்டுகளுக்கு முன் வரை மறுபடி வறட்சி என்று அது போகிறது. முக்கியமான செய்தி, நீலகிரியின் புல்வெளி மனிதன் காட்டை அழித்து உண்டாக்கியது இல்லை; மந்தைகள் வருவதற்கு வெகுகாலம் முன்பே அங்கே புல் இருந்தது. மேய்ச்சல் மக்களுக்கு மலை தயாராகவே இருந்திருக்கிறது. ஆனால் ஐசோடோப்பு, புல் இருந்ததைச் சொல்லும், ஆள் இருந்ததைச் சொல்லாது. அதற்கு நுண்கரியும் மகரந்தமும் வேண்டும். அவற்றிலும் எச்சரிக்கை தேவை. இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளியில் மகரந்தத்தை வைத்துச் சுமார் 17,000 ஆண்டுகளுக்கு முன்பே காட்டை எரித்து மேய்ச்சல் நடந்தது, பிறகு தானியப் பயிரும் வந்தது என்று சொன்னார்கள். காட்டுப் புல்லின் மகரந்தத்தையும் தானியத்தின் மகரந்தத்தையும் பிரிப்பது அவ்வளவு சுலபம் இல்லை என்பதால் நான் அதை இன்னும் சந்தேகக் கணக்கில்தான் வைத்திருக்கிறேன்.

சதுப்பு எவ்வளவு கொடுக்கும் என்பதற்கு நியூ கினியின் குக் பெரிய உதாரணம். சுமார் 1,550 மீட்டர் உயரத்தில் உள்ள சதுப்பு நிலம். தேயிலை ஆராய்ச்சி நிலையம் அமைக்க அங்கே வடிகால் வெட்டினார்கள். வெட்டிய பக்கச் சுவர்களில் அதைவிடப் பழைய வாய்க்கால்கள் வேறு நிறத்தில் தெரிந்தன. தொல்லியலாளர் ஜாக் கோல்சன் 1970களில் அங்கே வேலை செய்தார். பிறகு டிம் டென்ஹாம் குழு 2003இல் காலங்களைச் சரிபார்த்தது. ஏறக்குறைய 7,000 ஆண்டுகளுக்கு முன்பே மேட்டுப்பாத்தி போட்டுப் பயிர் செய்திருக்கிறார்கள், 4,000 ஆண்டுகளுக்கு முன் ஒழுங்கான வாய்க்கால். 10,000 ஆண்டுக்கு முந்தைய அடுக்கைப் பற்றி மட்டும் கருத்து வேறுபாடு உண்டு. 2008இல் அது உலகப் பாரம்பரியக் களமானது. 1930கள் வரை அந்த மேட்டுநிலத்தில் ஆளே இல்லை என்று வெளியுலகம் நம்பியிருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீலகிரியிலும் பள்ளத்தாக்குச் சதுப்புகளை வடித்துக் கேரட்டும் உருளையும் போட்டிருக்கிறோம். அந்த வடிகால்களை எட்டிப் பார்த்த தொல்லியலாளர்கள் குறைவு.

மலைச்சரிவுகளை மறந்துவிடக் கூடாது. கோத்தகிரிக்குக் கீழே கரிக்கியூரில் தமிழ்நாட்டின் மிகப் பெரிய பாறை ஓவியத் தொகுதிகளில் ஒன்று இருக்கிறது. மேற்கே வயநாட்டு எடக்கலில், சுமார் 1,200 மீட்டர் உயரத்தில், 1890களில் ஃபாசெட் என்ற வெள்ளைக்கார அதிகாரி கண்ட பாறைக் கீறல்கள். இவை இரண்டுக்கும் பத்திரிகைகளில் வரும் ஆண்டுக் கணக்குகள் பாணியை வைத்துச் சொல்வது. ஆனால் சரிவுகளில் மனிதர்கள் இருந்தார்கள் என்பதற்குச் சாட்சி. பழனி மலையிலும் இதே நிலைதான் இருந்தது. ஆங்லேட், நியூட்டன் என்ற இரண்டு ஏசுசபைப் பாதிரியார்கள் 1928இல் வெளியிட்டதும் கல்திட்டைகளைப் பற்றியே. பின்னாளில் தாண்டிக்குடியில் தொல்லியலாளர் கா. ராஜன் தலைமையில் நடந்த அகழாய்வுதான் அந்த மலையைக் கீழே சமவெளியில் இருந்த பொருந்தல், கொடுமணல் போன்ற பழங்கால ஊர்களோடு சேர்த்து யோசிக்க வைத்தது. மலையைத் தனித்தீவாகப் பார்ப்பதை விட்டுவிட்டு, பருவத்துக்கு ஏற்ப மேலும் கீழும் போய்வந்த மக்களைக் கற்பனை செய்தால் ஊர் ஏன் பெரிதாக இல்லை என்பதும் கொஞ்சம் புரிகிறது. இது என் சாய்வு, நிரூபணம் இல்லை.

அவர்கள் யார்? தோதவர்களின் முன்னோரா என்று பலர் கேட்பார்கள். எருமை உருவங்கள் ஆசை காட்டுகின்றன. ஆனால் தோதவர் பெயர் எழுத்தில் வருவது 1117இல், ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்தனனின் படைத்தலைவன் புணிசன் அவர்களை அச்சுறுத்தியதாகச் சொல்லும் ஹொய்சளக் கல்வெட்டில்தான். அதற்கும் கல்லறைகளுக்கும் இடையில் பெரிய இடைவெளி. மொழியியல், மரபணு ஆய்வுகள் என் துறை இல்லை; மண்ணும் ஓடும் மட்டும் வைத்து இன்றைய ஒரு சமூகத்தின் பெயரை ஒரு கல்லறையின் மேல் எழுத முடியாது என்பதை மட்டும் சொல்வேன்.

கடைசியாக, உங்கள் தாய்மாமாவின் தோட்டம். வட்டத்துக்குள் கடப்பாரை போட வேண்டாம், கல்லை நகர்த்தவும் வேண்டாம். வட்டத்துக்கு வெளியே, வடிகால் குழியில் ஓடு தெரிகிறதா என்று பாருங்கள். எனக்கு வட்டத்தைவிட அதுதான் ஆவலைத் தூண்டுகிறது. ஓட்டை எடுக்காமல், பக்கத்தில் ஒரு அளவுகோலோ பேனாவோ வைத்துப் படம் எடுங்கள். குழியின் பக்கச்சுவரையும் எடுங்கள். மண்ணின் நிறம் எந்த ஆழத்தில் மாறுகிறது, கரி உண்டா என்று குறித்து, கைபேசியில் இருப்பிடத்தையும் சேமித்துக்கொள்ளுங்கள். அதை மாநிலத் தொல்லியல் துறைக்கு எழுதுங்கள். உலோகமோ தங்கமோ தென்பட்டால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டியது கட்டாயம். இடத்தின் பெயரைப் பொதுவெளியில் போடாதீர்கள், படம் வந்த வாரமே தோண்டுகிறவர்கள் வந்துவிடுவார்கள். அடுத்த கவாத்து எப்போது என்று மாமாவிடம் கேட்டு வையுங்கள், ஆய்வுக்கு ஆள் வருவதாக இருந்தால் அதற்கு அடுத்த மழை விட்ட சில நாட்கள்தான் சரியான நேரம்.